மூன்றாவது நோட்டு

சோமனூரில், நூல் குடோனுக்கு மேல்மாடியில்
எட்டு கம்ப்யூட்டர், ஒரு இன்வெர்ட்டர், நான்.
இந்த மாதம் எனக்கு வந்திருப்பது
வேல்ஸ் தேசத்துப் பழைய வருடக் கணக்கு.
அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது.
தெரிய வேண்டியதில்லை என்றார் மேனேஜர்.
இரண்டு எல் ஒட்டி வந்தால் பிரிக்காதே,
டபிள்யூ தனியாக நின்றால் திருத்தாதே,
அங்கே அது உயிரெழுத்து.
எழுத்துக்கு இத்தனை பைசா.

பக்கத்தின் அடியில் ஆங்கிலத்தில் குறிப்பு ஓடும்.
அதை மட்டும் திருட்டுத்தனமாகப் படிப்பேன்.
அந்த வருடம் மாடுகள் செத்தன.
அந்த வருடம் கோடை கொளுத்தியது.
அந்த வருடம் ஒரு சிற்றரசன்
தம்பியின் கண்களைப் பிடுங்கினான்.
அதற்கடுத்த வருடம் எண் மட்டும்.
எதுவும் எழுதாமல் ஒரு வருடத்தை விட்டுவைத்த
அந்த ஆளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

மடத்துத் துறவிகள் லத்தீனில் எழுதியதாம்.
பின்னால் வந்தவர்கள் தங்கள் பேச்சுக்கு மாற்றினார்கள்.
மாற்றியது இருக்கிறது, ஒன்றுக்கு மூன்றாக.
லத்தீன் இல்லை.
இல்லாத ஒன்று இருந்ததென்று
எதை வைத்துச் சொல்வது?
இரண்டு பேர் சரியாக எழுதியது ஒத்துப்போனால்
அதில் ஒன்றுமில்லை.
ஒரே இடத்தில் ஒரே மாதிரி தவறினால்
இருவர் முன்னாலும் ஒரே ஏடு
திறந்து கிடந்திருக்கிறது.

புதன்கிழமை பொழுதோட
வீட்டில் பாகப்பிரிவினைப் பேச்சு.
பதினாறு தறி, ஒரு ஷெட், கிணற்றில் பாதி.
மாமனார் சென்னியப்பனிடம் ஒரு நோட்டு,
அவர் அண்ணன் பொங்கியண்ணனிடம் ஒரு நோட்டு.
"என்ற கையால எழுதுனது" என்று இரண்டு பேரும்.
எண்பத்தாறு: சேலத்திலிருந்து நாலு தறி.
எண்பத்தெட்டு: நாற்பது நாள் ஓடவில்லை.
தொண்ணூற்றொன்று, ஆனி முப்பத்து மூன்று:
மோட்டார் காயில் எரிந்தது.
இரண்டு நோட்டிலும் அதே ஆனி,
அதே முப்பத்து மூன்று.
இரண்டு நோட்டிலும்
தொண்ணூற்றிரண்டுக்குப் பிறகு தொண்ணூற்று நாலு.

"ஆனிக்கு ஏதுங்க மாமா முப்பத்து மூணு?
ரெண்டும் வேற எதையோ பாத்து எழுதுனதுங்க."
யாரும் என் பக்கம் திரும்பவில்லை.
அண்ணனும் தம்பியும் அன்று முதன்முறையாக
ஒரே திசையில் பார்த்தார்கள்.
ஷெட்டு வாசலில் மயிலாத்தா அத்தை
தார் சுற்றிக்கொண்டிருந்தாள்.
கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து
இருபத்திரண்டு வயதில் திரும்பி வந்தவள்.
அந்தப் பேச்சில் அவள் பேர் ஒரு வரியிலும் இல்லை.
காப்பி வந்தது. பேச்சு
அடுத்த வெள்ளிக்குத் தள்ளிப்போனது.

ராத்திரி கேட்டேன்.
"உங்க நோட்டு எங்கீங்க அத்தை?"
"வெந்நி அடுப்புல போட்டாங்க."
எவர் என்று அவளும் சொல்லவில்லை.
"முப்பத்து மூணு?"
"முப்பதுன்னு எழுதுனேன். பொறவு
தேதி மூணுன்னு பக்கத்துல எழுதுனேன்.
முப்பத அடிக்க மறந்துட்டேன்."
"தொண்ணூத்தி மூணுல என்ன இருந்துச்சு?"
நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.
"எனக்குச் சம்பளம் கேட்டேன்னு இருந்துச்சு."
"குடுத்தாங்களா?"
"அதையுந்தான் எழுதியிருந்தேன்."

மறுநாள் மாடியில் அதே பக்கம்.
எண் மட்டும் நிற்கும் வருடம்.
இங்கே உரை விடுபட்டதா என்று
கேள்விப் பெட்டியில் கேட்டேன்.
மூன்று மணிக்குக் கடல் கடந்து பதில் வந்தது:
மூலத்திலேயே அப்படித்தான்.
மூலத்தைப் பார்த்தீர்களா என்று தட்டினேன்,
அழித்தேன்.
கீழே குடோனில் லாரி வந்து
மூட்டை இறக்கும் சத்தம்.
அந்த வருடத்துக்கு நான்கு இலக்கம்.
நான்குக்கு மட்டும் காசு.